பக்கத்து வீட்டுப் படிக்கட்டு

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 2004இல் எடுத்த 'தி டெர்மினல்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலக்கடலை டப்பா நினைவிருக்கும். டாம் ஹாங்க்ஸ் நடித்த விக்டர் நவோர்ஸ்கி, சொந்த நாட்டுக்குத் திரும்பவும் வழியில்லாமல், நியூயார்க்குக்குள் நுழையவும் அனுமதி இல்லாமல் விமான நிலையத்திலேயே மாதக்கணக்கில் தங்கிவிடுகிறான். எங்கு போனாலும் அவனோடு போகும் டப்பாவுக்குள் இருப்பவை ஒரு பழைய புகைப்படமும் கையெழுத்திட்ட காகிதங்களும். 1958இல் எடுத்த அந்தப் படத்தில் இருந்த ஜாஸ் கலைஞர்கள் ஒவ்வொருவருக்கும் அவன் அப்பா கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார். சாக்ஸபோன் கலைஞர் பென்னி கோல்சனுடையது மட்டும் பாக்கி. அதை வாங்கத்தான் மகன் கடல் கடந்து வந்திருக்கிறான். முடிவில் கோல்சனாகத் திரையில் வருபவர் கோல்சனேதான்.

விக்டரும் அவனுடைய நாடும் கற்பனை. புகைப்படம் உண்மை. அதை எடுத்த ஒரு காலைப்பொழுதைப் பற்றி, சினிமாவுக்குப் பத்து ஆண்டுகள் முன்பே, ஜீன் பாக் என்ற பெண்மணி ஓர் ஆவணப்படம் எடுத்துவிட்டார். ஒரு மணி நேரம் ஓடும் 'எ கிரேட் டே இன் ஹார்லெம்' 1994இல் வெளியானது. ஆஸ்கர் விருதுக்கான இறுதிப் பரிந்துரைப் பட்டியலில் இடம்பிடித்தது. ஜாஸ் வரலாற்றைச் சொல்லும் படங்கள் எத்தனையோ உண்டு. ஒரே ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொண்டு, அதில் யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், ஏன் சிரிக்கிறார்கள், ஏன் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று விசாரித்தே ஓர் இசையின் அரை நூற்றாண்டைச் சொன்ன படம் இது.

1958 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி, கிழக்கு 126ஆம் தெரு, 17ஆம் எண் வீடு. ஐந்தாம் அவென்யூவுக்கும் மேடிசன் அவென்யூவுக்கும் நடுவே, பழுப்புக் கல் முகப்புள்ள வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் தெரு அது. நம் பழைய வீடுகளுக்குத் திண்ணை எப்படியோ, அந்த வீடுகளுக்கு வாசல் படிக்கட்டு அப்படி. தெருவிலிருந்து மேலேறி வாசலைத் தொடும் அகலமான கல்படிகள். வெயில் தாழ்ந்தபின் அக்கம்பக்கத்தார் உட்கார்ந்து கதை பேசுவதும் குழந்தைகள் ஓடி விளையாடுவதும் அங்கேதான். அன்று காலை அந்தப் படிகளிலும் அதையொட்டிய நடைபாதையிலும் ஐம்பத்தேழு ஜாஸ் கலைஞர்கள் நின்றார்கள்.

படம் பிடித்தவர் ஆர்ட் கேன். அப்போது வயது 33. பத்திரிகைப் பக்கங்களை வடிவமைக்கும் கலை இயக்குநராகப் பெயர் வாங்கியவர். புகைப்படக்காரராக அப்போதுதான் காலெடுத்து வைத்திருந்தார். 'எஸ்கொயர்' மாத இதழ் ஜாஸுக்கென்று ஒரு சிறப்புப் பகுதியைத் திட்டமிட்டிருந்தது. இதழின் கலை இயக்குநர் ராபர்ட் பென்டன். பிற்காலத்தில் 'கிராமர் வெர்சஸ் கிராமர்' எடுத்து ஆஸ்கர் வாங்கிய அதே பென்டன். இசைக்கலைஞர்கள் எல்லோரையும் ஹார்லெமுக்கு வரவழைத்து ஒரே படத்தில் நிறுத்திவிடலாம் என்பது கேனின் யோசனை. அவரிடம் ஸ்டுடியோ கிடையாது. இருந்திருந்தாலும் அத்தனை பேரை நிறுத்த எந்த ஸ்டுடியோ போதும்?

குறித்த நேரம் காலை பத்து மணி. இரவெல்லாம் கிளப்பில் வாசித்துவிட்டு விடியும்போது படுக்கப் போகிறவர்களுக்கு அது நடுநிசி மாதிரி. ஒரு நாளில் இரண்டு பத்து மணி உண்டு என்பதையே அன்றுதான் தெரிந்துகொண்டேன் என்று ஒரு கலைஞர் சொன்னதாக ஜாஸ் வட்டாரத்தில் ஒரு பேச்சு இன்றும் உலவுகிறது. எத்தனை பேர் வருவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. டாக்ஸியிலும் ரயிலிலும் நடந்துமாக ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அதன் பிறகுதான் கேனுக்குத் தலைவலி தொடங்கியது. ஆளுக்கொரு ஊரில் கச்சேரி என்று சுற்றிக்கொண்டிருந்தவர்கள், மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், ஒருவரையொருவர் பார்க்காதவர்கள். கட்டிப்பிடிப்பதும் கைகுலுக்குவதும் பழங்கதை பேசுவதுமாக இருந்தவர்களைப் படியில் ஏற்றி நிறுத்துவது எப்படி? எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றபடி கேன் செய்தித்தாளைச் சுருட்டி வாயில் வைத்துக் கத்திக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுத்தவர்களுக்கு அவர் பாடு புரியும்.

இடமாக ஹார்லெமைத் தேர்ந்தெடுத்ததில் ஆழ்ந்த பொருத்தம் இருந்தது. தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளையும் கொலைவெறிக் கும்பல்களையும் விட்டு, இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்தார்கள். நியூயார்க்கில் அவர்கள் குடியேறிய பெரும் வட்டாரம் ஹார்லெம். அங்கே வாடகை கடுமை. மாதக் கடைசியில் பணம் போதாதபோது வீட்டிலேயே விருந்து வைத்து, வருகிறவர்களிடம் நுழைவுக் காசு வாங்கி வாடகையைக் கட்டுவார்கள். அந்த 'வாடகை விருந்து'களில் பியானோதான் ராஜா. இடது கை கீழ்ஸ்தாயிச் சுரத்துக்கும் நடுவிலுள்ள சுரக்கூட்டுக்கும் மாறி மாறித் தாவ, வலது கை மெட்டைப் பின்னும் 'ஸ்ட்ரைட்' பாணி அங்கேதான் செழித்தது. ஒரே ஆள், ஒரு முழு வாத்தியக் குழுவின் வேலையைச் செய்யும் வாசிப்பு அது.

பிறகு பெரிய அரங்குகள் வந்தன. லெனாக்ஸ் அவென்யூவில் இருந்த காட்டன் கிளப்பில் 1927 முதல் டியூக் எலிங்டனின் குழு வாசித்தது. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள். எதிரே மேசைகளில் வெள்ளையர்கள் மட்டும். அதே அவென்யூவில் 1926இல் திறந்த சவாய் நடன அரங்கில் அந்தப் பேதம் கிடையாது. இரு நிறத்தாரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். 125ஆம் தெரு அப்பல்லோ தியேட்டரில் 1934இல் புதியவர்களுக்கான போட்டியில் பாடிப் பரிசு வாங்கிய பதின்வயதுப் பெண் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். 1940களின் தொடக்கத்தில், 118ஆம் தெருவிலிருந்த மின்டன்ஸ் பிளேஹவுஸில் இரவு வேலை முடித்து வந்த இளைஞர்கள் பந்தயம் கட்டுவதுபோல ஒருவரையொருவர் மிஞ்சி வாசித்தார்கள். பியானோவில் தெலோனியஸ் மங்க், டிரம்ஸில் கென்னி கிளார்க், டிரம்பெட்டில் டிஸ்ஸி கில்லெஸ்பி. ஆடவைக்கும் இசையாக இருந்த ஜாஸ், உட்கார்ந்து உன்னிப்பாகக் கேட்கவேண்டிய 'பீபாப்' ஆக மாறியது அந்த இரவுகளில்.

1958 வருவதற்குள் இந்தப் பழைய வாழ்வு பெரும்பாலும் கலைந்துவிட்டது. பேர்சொல்லும் கிளப்புகள் நகரத்தின் கீழ்ப்பகுதிக்குப் போய்விட்டன. சவாய் அரங்கம் அதே 1958இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. ஆகவே அந்த ஆகஸ்ட் காலையில் 126ஆம் தெருவுக்கு வந்தவர்களில் பலர், தொழில் கற்ற ஊருக்குத் திரும்பி வந்தவர்கள்.

வந்தவர்களின் வரிசையைப் பார்த்தால் ஜாஸின் எல்லாத் தலைமுறைகளும் தெரியும். ராக்டைம் காலத்தைப் பார்த்த முதியவர் லக்கி ராபர்ட்ஸ். நியூ ஆர்லியன்ஸிலிருந்து தாளம் சுமந்து வந்த டிரம்ஸ் கலைஞர் சட்டி சிங்கிள்டன். டெனர் சாக்ஸபோனைத் தனி வாத்தியமாக நிமிர்த்தி உட்காரவைத்த கோல்மன் ஹாக்கின்ஸ்; அதே வாத்தியத்தை மென்குரலில் பேசவைத்த லெஸ்டர் யங், தலையில் வழக்கமான தட்டைத் தொப்பியோடு. 1930களில் கான்சாஸ் சிட்டியிலிருந்து கிளம்பி வந்த கவுண்ட் பேசியின் பழைய குழுவே கிட்டத்தட்ட அங்கே கூடியிருந்தது: பேசி, யங், டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ், பாடகர் ஜிம்மி ரஷிங், டிரம்பெட் கலைஞர் பக் கிளேட்டன். இளையவர்கள் பக்கம் சார்லஸ் மிங்கஸ், ஆர்ட் பிளேக்கி, ஹொரேஸ் சில்வர், கோல்சன். ஹார்லெமிலேயே பிறந்து வளர்ந்த சாக்ஸபோன் கலைஞர் சன்னி ராலின்ஸுக்கு அப்போது 27 வயது. சிறுவனாக இருந்தபோது அவர் கடவுளாக நினைத்தது ஹாக்கின்ஸை. இப்போது இருவரும் ஒரே படத்தில்.

பெண்கள் மூவர். பாடகி மேக்ஸின் சல்லிவன், இங்கிலாந்தில் பிறந்து வந்த பியானோக் கலைஞர் மரியன் மெக்பார்ட்லண்ட், இன்னொரு பியானோ மேதை மேரி லூ வில்லியம்ஸ். மேரி லூவின் ஹார்லெம் வீடு 1940களில் மங்கும் கில்லெஸ்பியும் அடிக்கடி வந்து வாசித்துக் காட்டிக் கருத்துக் கேட்ட இடம். ஆட்ட இசையான ஸ்விங்கின் காலத்தில் குழுவுக்கு இசை எழுதியவர், பிந்திய தலைமுறைக்கும் ஆசானாக இருந்தார்.

அன்று கேன் எடுத்த படம் 1959 ஜனவரி 'எஸ்கொயர்' இதழில் வந்தது. அது மட்டும் இருந்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது ஒரு நொடி. மற்றதெல்லாம் கிடைத்தது ஒரு தம்பதியால்.

மில்ட் ஹின்டன் டபுள் பேஸ் வாசித்தவர். 1910இல் மிசிசிப்பி மாநிலம் விக்ஸ்பர்கில் பிறந்தவர். சிறுவயதில் ஒரு கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல் கொன்றதைக் கண்ணால் பார்த்தவர். குடும்பம் சிகாகோவுக்குப் பெயர்ந்தது. அங்கே முதலில் வயலின், பிறகு பேஸ். 1936இல் கேப் காலவேயின் புகழ்பெற்ற குழுவில் சேர்ந்து பதினைந்து ஆண்டுகள் இருந்தார். அதற்கு முந்திய ஆண்டு அவருடைய பிறந்தநாளுக்கு யாரோ ஒரு கேமராவைப் பரிசளித்திருந்தார்கள். அன்று முதல் ரயிலில், ரிஹர்சலில், ஒலிப்பதிவுக் கூடத்தில், உறங்கும் சகாக்களின் மேல், அவர் கேமரா திரும்பாத இடமில்லை. கறுப்பர்களுக்கென்று தனிப் பலகை மாட்டிய தென்மாநில ரயில் நிலையத்து வாசலில் சக கலைஞர்களை நிறுத்தி அவர் எடுத்த படங்கள் இன்று வரலாற்று ஆவணங்கள். பத்திரிகைக்காரர்கள் மேடையில் தெரிந்ததைப் பதிந்தார்கள். ஹின்டன் மேடைக்குப் பின்னால் வாழ்ந்ததைப் பதிந்தார்.

அவர் மனைவி மோனா அந்தக் குழுவோடு பயணம் செய்தவர். தெற்கத்திய ஊர்களில் ஆயிரக்கணக்கானோர் கைதட்டிக் கேட்ட கலைஞர்களுக்கும் ஓட்டல் அறை கிடையாது, உணவகத்தில் இருக்கை கிடையாது. ஊரில் இறங்கியதும் கறுப்பினக் குடும்பங்களின் வாசலில் போய் நின்று, இவர்களுக்குப் படுக்க இடமும் சாப்பாடும் கிடைக்குமா என்று விசாரித்து ஏற்பாடு செய்வது மோனாவின் வேலையாக இருந்தது.

126ஆம் தெருவுக்கு ஹின்டன் தன் புகைப்பட கேமராவோடு ஒரு 8 எம்எம் மூவி கேமராவையும் கொண்டுபோனார். அதை மோனாவின் கையில் கொடுத்துவிட்டார். கேன் எதிர்ப்பக்கம் நின்று எல்லோரையும் ஒழுங்குபடுத்தப் போராடியபோது, மோனா அந்த ஒழுங்கு வருவதற்கு முந்திய கலகலப்பைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒலி இல்லை, ஆனால் வண்ணம் உண்டு. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பவர்கள், தோளில் கைபோட்டு நடப்பவர்கள், அரட்டை கலையாமல் படியேறுபவர்கள். வீட்டு விசேஷத்தை எடுப்பதுபோல எடுத்த அந்தச் சுருள், முப்பது ஆண்டுகள் குவீன்ஸ் பகுதியில் ஹின்டன் தம்பதியின் வீட்டில் கிடந்தது.

அந்தச் சுருள் இருப்பதை அறிந்தவர் ஜீன் பாக். சினிமாக்காரர் இல்லை, நியூயார்க் வானொலியில் நெடுங்காலம் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்தவர். 1918இல் சிகாகோவில் பிறந்து, இளமையிலேயே ஜாஸ் கிளப்புகளில் காதைக் கொடுத்து வளர்ந்தவர். முதல் கணவர், டிரம்ஸ் கலைஞர் ஜீன் குரூப்பாவின் குழுவில் டிரம்பெட் வாசித்தவர் என்பதால் கலைஞர்கள் பலர் அவருக்கு நெடுநாள் சிநேகிதர்கள். எழுபது வயதை ஒட்டி அவர் தம் முதல் படத்தை எடுக்கக் கிளம்பினார். காலம் துரத்திக்கொண்டிருந்தது. பேட்டி கொடுத்த ஆர்ட் பிளேக்கி 1990இல் மறைந்தார். சாக்ஸபோன் கலைஞர் பட் ஃப்ரீமனும் பக் கிளேட்டனும் 1991இல். கில்லெஸ்பி 1993 ஜனவரியில். படம் வெளிவந்தபோது, அதில் பேசியவர்கள் பலர் தங்களைத் திரையில் பார்க்க இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் தாமதித்திருந்தால் இந்தப் படமே இல்லை.

ஜீன் பாக் செய்தது எளிமையானது. புகைப்படத்தைக் கலைஞர்கள் கையில் கொடுத்தார், அவர்கள் பேசினார்கள். குவின்சி ஜோன்ஸ் பின்னணி சொல்ல, படத்தொகுப்பாளர் சூசன் பீல் அந்தப் பேச்சையும் மோனாவின் அசையும் காட்சிகளையும் பழைய கச்சேரிப் பதிவுகளையும் ஒன்றோடொன்று கோத்தார். நண்பர்களைப் பற்றி நண்பர்கள் பேசும் பேச்சு என்பதால் அதில் பாராட்டுரையின் விறைப்பு இல்லை.

மங்கின் கதையைப் பாருங்கள். அன்று காலை அவரை அழைத்துப்போக டாக்ஸியோடு வந்தவர்கள் வாசலில் நெடுநேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. உள்ளே அவர் எந்த உடை என்று யோசித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அடர்நிறக் கோட்டில் வருவார்கள் என்று கணக்குப் போட்டு வெளிர்நிறக் கோட்டை எடுத்துப் போட்டார். தெருவுக்கு வந்ததும், பார்க்கிறவர்களின் கண் முதலில் போகும் இடத்தைத் தேர்ந்தார்: மேரி லூவும் மரியனும் நிற்கும் இடம். இதை வெறும் பகட்டு என்று கடந்துவிட முடியாது. நியூயார்க்கில் மது பரிமாறும் கிளப்பில் வாசிக்க வேண்டுமானால் காவல்துறை வழங்கும் 'கேபரே அட்டை' வேண்டும். 1940இலிருந்து 1967வரை அந்த விதி இருந்தது. 1951இல் போதைப்பொருள் வழக்கு ஒன்றில் மங்கின் அட்டை பறிபோனது. ஆறு ஆண்டுகள், வாழ்வின் செழிப்பான பருவத்தில், சொந்த நகரத்துக் கிளப்புகளில் அவரால் வாசிக்க முடியவில்லை. 1957இல் அட்டை திரும்பக் கிடைத்து ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் வாசிக்கத் தொடங்கியபின்தான் நகரம் அவரைக் கண்டுகொண்டது. அத்தனை நாள் கண்ணில் படாமல் வைக்கப்பட்டவர், அன்று தெரியவேண்டும் என்று விரும்பினார்.

புகைப்படத்தின் வலது ஓரத்தில் இன்னொரு நாடகம். டிரம்பெட் கலைஞர் ராய் எல்ட்ரிட்ஜ் கேமராவைப் பார்க்காமல் பின்னால் திரும்பியிருக்கிறார். அவரைத் திரும்பவைத்தவர் நாக்கைத் துருத்தும் கில்லெஸ்பி. இளம்வயதில் கில்லெஸ்பி எல்ட்ரிட்ஜின் பாணியை அச்சுப் பிசகாமல் வாசித்துப் பழகியவர். எல்ட்ரிட்ஜ் முன்பு வாசித்த டெடி ஹில் குழுவில்தான் 1937இல் அவரும் இடம்பிடித்தார். மூத்தவரைப் பின்பற்றிப் பின் அவரைத் தாண்டிப் போனவர், நாற்பது வயதிலும் அவரிடம் சேட்டை செய்கிறார். அதே படத்தில் வெள்ளையரான ஜீன் குரூப்பாவும் இருக்கிறார். 1941இல் எல்ட்ரிட்ஜைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டவர் அவர். வெள்ளையர் குழுவில் ஒற்றைக் கறுப்பினக் கலைஞராக ஊர் ஊராகப் போன எல்ட்ரிட்ஜ், மேடையில் கைதட்டலும் ஓட்டல் வாசலில் அவமதிப்பும் ஒரே இரவில் வாங்கிய நாட்கள் பல.

கில்லெஸ்பிக்கும் ஹின்டனுக்கும்கூட ஒரு பழங்கணக்கு உண்டு. இருவரும் காலவே குழுவில் இருந்தபோது, கில்லெஸ்பி தாம் கண்டுபிடித்த புதிய சுரக்கூட்டுகளைக் கிளப்பின் மொட்டைமாடிக்கு ஹின்டனை அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுப்பார். 1941இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு கச்சேரியின்போது மேடையில் யாரோ எச்சில் காகித உருண்டையை எறிய, காலவே கில்லெஸ்பியைச் சந்தேகித்தார். வாய்ச்சண்டை கைகலப்பாகி, கில்லெஸ்பி கத்தியை எடுத்தார். ஹின்டன் குறுக்கே புகுந்து கையைத் தட்டிவிட்டார். கில்லெஸ்பிக்கு வேலை போனது. உருண்டையை எறிந்தவர் ஜோனா ஜோன்ஸ் என்ற இன்னொரு டிரம்பெட் கலைஞர். இந்தச் சம்பவத்தை வைத்து ஜீன் பாக் பிறகு 'தி ஸ்பிட்பால் ஸ்டோரி' என்ற குறும்படத்தையும் எடுத்தார்.

புகைப்படத்தின் கீழ் விளிம்பில் கவுண்ட் பேசி நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். நின்று நின்று கால் கடுத்துப்போய் உட்கார்ந்தவர். அவரை ஒட்டி வரிசையாகத் தெருப்பிள்ளைகள். பெரியவர்கள் ஒழுங்காக நிற்கும்வரை பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? விரட்டி விரட்டி அலுத்த கேன் கடைசியில் அவர்களையும் படத்தோடு சேர்த்துக்கொண்டார். பேசியின் பக்கத்தில் இருக்கும் சிறுவன், டிரம்பெட் கலைஞர் டாஃப்ட் ஜோர்டனின் மகன். வெறும் கலைஞர் கூட்டமாக இருந்திருக்க வேண்டிய படம், இந்தப் பிள்ளைகளால் ஒரு தெருவின் படமாகிவிட்டது.

வராதவர்களும் உண்டு. எலிங்டன் இல்லை, லூயி ஆம்ஸ்ட்ராங் இல்லை, மைல்ஸ் டேவிஸும் ஜான் கோல்ட்ரேனும் இல்லை. சார்லி பார்க்கர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 34 வயதில் இறந்துபோனார். ஜாஸ் கலைஞர்களின் பயணம் அமெரிக்காவோடு நிற்கவுமில்லை. அந்த ஆண்டுகளில் அமெரிக்க வெளியுறவுத் துறை ஜாஸ் குழுக்களை நாட்டின் தூதுவர்களாக உலகெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. 1958இல் டேவ் புரூபெக்கின் குழு மெட்ராஸிலும் இலங்கையிலும்கூட வாசித்தது. சுதந்திரத்தின் இசை என்று வெளிநாட்டு மேடைகளில் அறிமுகமான அதே இசையை உருவாக்கியவர்களுக்கு, உள்நாட்டில் பல ஊர்களில் முன்வாசல் வழி திறக்கவில்லை.

புகைப்படம் அச்சாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. 1959 மார்ச்சில் லெஸ்டர் யங் 49 வயதில் இறந்தார். அதே ஆண்டு சன்னி ராலின்ஸ் மேடையை விட்டு விலகி, வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் தனியாக நின்று சாதகம் செய்யத் தொடங்கினார். 1961வரை அது நீடித்தது. ஆர்ட் கேன் 1995இல் மறைந்தார், ஹின்டன் 2000இல், ஜீன் பாக் 2013இல் தம் 94ஆம் வயதில். கோல்சன் 2024இல் தம் 95ஆம் வயதில் மறைந்தபோது, அந்த ஐம்பத்தேழு பேரில் எஞ்சியவர் ராலின்ஸ் மட்டுமே. 1998 செப்டம்பரில் முதுபெரும் புகைப்படக் கலைஞர் கார்டன் பார்க்ஸ், அதே 17ஆம் எண் வீட்டின் முன்னால் ஹிப்ஹாப் கலைஞர்களைக் கூட்டி இன்னொரு படம் எடுத்தார். இந்த முறை படிக்கட்டு போதவில்லை. கூட்டம் பக்கத்து வீட்டுப் படிகளுக்கும் வழிந்தது.

பக்கத்து வீட்டுப் படிக்கு முன்பே ஒரு கதை இருந்தது. வாடகை விருந்துகளின் காலத்தில் ஹார்லெம் பியானோவுக்குப் பெயர்போன மூவரில் ஒருவர் வில்லி 'தி லயன்' ஸ்மித்; உருண்டைத் தொப்பியும் வாயில் சுருட்டுமாகப் பியானோ முன் உட்காருபவர்; எலிங்டன் தம் ஆசானாக மதித்தவர். ஆகஸ்ட் 12 காலை அவரும் வந்திருந்தார். பழைய தோழர் லக்கி ராபர்ட்ஸின் பக்கத்தில் நின்றிருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அலுத்துப்போய் நகர்ந்து பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். இதழாசிரியர்கள் தேர்ந்தெடுத்தது அந்த நேரத்தில் எடுத்த படத்தை. ஐம்பத்தேழு பேர் கணக்கில் அவர் சேரவில்லை. ஜீன் பாக்கின் படத்தில் அந்த இடம் வரும்போது கேமரா லக்கி ராபர்ட்ஸை நெருங்குகிறது. அவருக்குப் பக்கத்தில், ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு, இடைவெளி.